சீசன் கடைசியில் சைக்ளோகிராஸ்: சென்னை சைக்கிள்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிப்ரவரி கடைசி ஞாயிறன்று கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சவுக்குத் தோப்பில் எங்கள் குழு சின்னதாக ஒரு சைக்ளோகிராஸ் பந்தயம் வைக்கிறது. தோப்புக்காரர் சம்மதித்துவிட்டார். பரிசுப் பணம் கிடையாது. அறிவிப்பு போட்ட நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் பலரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் தேய்ந்துவிடும் போலிருக்கிறது. எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சைக்ளோகிராஸ் என்றால் என்ன? எம்டிபி (மவுண்டன் பைக்) பந்தயம்தானே இது?

இல்லை. சைக்ளோகிராஸ் சைக்கிளைத் தூரத்திலிருந்து பார்த்தால் ரோடு சைக்கிள் என்றே நினைப்பீர்கள். வளைந்த ஹேண்டில்பார் இருக்கும், சஸ்பென்ஷன் இருக்காது. கிட்டே வந்தால்தான் மெல்லிய பட்டன் டயர் தெரியும். அதை வைத்துக்கொண்டு புல், சேறு, மணல், மேடு, படிக்கட்டு எல்லாம் உள்ள ஒரு சின்னப் பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். முடிகிற இடத்தில் மிதிக்கலாம். முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

தூரக் கணக்கு இதில் கிடையாது, நேரக் கணக்குதான். உலக சைக்கிள் அமைப்பான யுசிஐயின் விதிப்படி ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கிலோமீட்டர். அதில் குறைந்தது 90 சதவீதம் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். முதல்நிலை ஆண்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், பெண்களுக்கு 50 நிமிடம். முதல் இரண்டு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத்தான் மொத்தம் எத்தனை சுற்று என்று முடிவு செய்வார்கள். நம் தோப்பில் சுற்று சிறியது, ஒன்றரை கிலோமீட்டர்கூட வராது. பந்தயம் 40 நிமிடம்.

இது எப்படித் தொடங்கியது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பிரான்ஸில் 1902-ல் டேனியல் கூசோ என்பவர் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த ஒக்டாவ் லாபீஸ், குளிர்காலத்தில் இப்படி ஓட்டியதுதான் தனக்குக் கைகொடுத்தது என்று சொன்னதும் மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். முதல் உலகப் போட்டி 1950-ல் பாரிஸில் நடந்தது. ஜெயித்தவர் ஜான் ரோபிக். பெண்களுக்கு உலகப் போட்டி வர 2000 ஆகிவிட்டது. இன்றைக்குக் கொடிகட்டிப் பறப்பவர்கள் பெல்ஜியக்காரர்களும் நெதர்லாந்துக்காரர்களும்தான். நெதர்லாந்தின் மரியான் வாஸ் எட்டு உலகப் பட்டம் வாங்கியவர். அதே நாட்டு மாத்யூ வான் டெர் பூல் 2025-ல் ஏழாவது பட்டத்தை வாங்கி, பெல்ஜியத்தின் எரிக் டி விளாமிங்க் வைத்திருந்த சாதனையைத் தொட்டார்.

சீசன் கடைசி என்கிறீர்கள். நமக்கு எது சீசன்?

ஐரோப்பாவில் செப்டம்பரில் ஆரம்பித்து பிப்ரவரியில் முடியும். உலகப் போட்டி ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ வரும். அதற்கப்புறம் நடப்பவை சின்னப் பந்தயங்கள். புள்ளிக் கவலை இல்லாமல், கூத்தும் கும்மாளமுமாக ஓட்டுகிற காலம் அது.

நமக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மூன்று மாதமும் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது வானிலை அறிவிப்பைத்தான். மழை விட்டு மார்கழிப் பனி இறங்கியதிலிருந்து மார்ச் பாதி வரைக்கும் உள்ளதுதான் சென்னையில் நிம்மதியாக சைக்கிள் ஓட்டக்கூடிய காலம். ஆக ஐரோப்பாவில் கடையைக் கட்டும்போதுதான் நமக்கும் முடிகிறது. அவர்கள் குளிர் முடிந்து ரோட்டுக்குத் திரும்புகிறார்கள். நாம் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் போகிறோம்.

அண்ணா, இரண்டு மாதமாக பிரெவே பிரெவே என்று ஓட்டிக் கால் செத்துப் போயிருக்கிறது. இப்போது இன்னொரு பந்தயமா?

அதனால்தான் இந்தப் பந்தயத்தைக் கடைசியில் வைத்தோம்.

பிரெவே என்பது நேரக் கெடு வைத்த நீண்ட தூர ஓட்டம். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள். ஈசிஆரில் எதிர்க்காற்றில், ஒரே கியரில், ஒரே நிலையில் உட்கார்ந்து ஓட்டி வருகிற களைப்பு ஒரு வகை. அதில் பாதி உடம்பில் இருந்தால் மீதி மனதில் இருக்கும். சைக்ளோகிராஸில் பத்து விநாடிக்கு ஒரு தடவை ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். களைப்பு வேறு மாதிரி வரும், அலுப்பு வராது.

இன்னொன்று. பிப்ரவரி கடைசியில் கால் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் கால். இருக்கிற இரண்டு வாரத்தில் அதை ஏற்றவே முடியாது. முயற்சி செய்தால் இறங்கத்தான் செய்யும். ஆனால் இறங்கி ஏறுவது, மணலில் கையைத் தளர்த்துவது, வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கைப் பிடித்து முடித்துவிடுவது, இதெல்லாம் இரண்டே வாரத்தில் கண்கூடாகத் தேறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றில் ஆறு தடவை இறங்கி ஏற வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொரு தடவையும் 3 விநாடி மிச்சம் பிடித்தால், ஐந்து சுற்றில் ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தைத் தொடை பலத்தில் சம்பாதிக்க வேண்டுமென்றால் அடுத்த சீசன் வரை உழைக்க வேண்டும். மிதிக்கிற பலத்தை அளக்கும் வாட்ஸ் மீட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு இது பிடிக்காது, தெரியும்.

முட்டி வலியோ தூக்கம் கெட்டிருப்பதோ இருந்தால் மட்டும் ஓட்ட வேண்டாம். வந்து விசில் அடியுங்கள், அதற்கும் ஆள் தேவை.

என்னிடம் ஹைபிரிட் சைக்கிள்தான் இருக்கிறது. போதுமா?

தாராளமாகப் போதும். அசல் சைக்ளோகிராஸ் சைக்கிள் நம் ஊர்க் கடைகளில் அபூர்வம். மண் பாதையிலும் ஓட்டக்கூடிய கிராவல் சைக்கிள் கிடைக்கிறது, அதுவே ஏறக்குறைய அந்த வேலையைச் செய்துவிடும். எம்டிபியும் வரலாம். யுசிஐ பந்தயத்தில் டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நாங்கள் டேப் எடுத்து அளக்கப் போவதில்லை.

ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, கூடை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். முக்கியமாக பாட்டில் செருகும் கேஜைக் கழற்றுங்கள். ஏன் என்று சைக்கிளைத் தோளில் தூக்கும் முதல் நிமிடமே தெரியும். ஃபிரேமின் முக்கோணத்துக்குள் கை நுழைய இடம் வேண்டும், கேஜ் இருந்தால் விலா எலும்பில் குத்தும். ரோடு ஷூ வேண்டாம், அதன் அடியில் பெடலில் மாட்டுவதற்காக உள்ள பெரிய பிளாஸ்டிக் கிளீட்டில் மணல் அடைத்தால் மாட்டாது. எம்டிபி ஷூவும் இரண்டு ஸ்க்ரூ கிளீட்டும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சாதாரணப் பெடலும் கேன்வாஸ் ஷூவும் போதும்.

மோட்டார் வைத்த சைக்கிள் கூடாது. அப்பாவின் பழைய ஹெர்குலிஸில் வரலாமா என்று ஒருவர் கேட்டார். வரலாம். ஆனால் 20 கிலோ பக்கம் எடை, படி ஏறும்போது அப்பா உங்கள் தோளில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும்.

டயரில் எவ்வளவு காற்று வைக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. ரோட்டில் 80, 90 பி.எஸ்.ஐ வைத்துப் பழகியவர்களுக்கு இது அடிவயிற்றில் பயத்தைக் கிளப்பும். 70 கிலோ ஆள், 33 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயர் என்றால் 25 முதல் 28-க்குள் ஆரம்பியுங்கள். 40 மில்லிமீட்டர் கிராவல் டயராக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று குறைக்கலாம். உள்ளே ட்யூப் இருந்தால் 35-க்குக் கீழே போகாதீர்கள். வேரில் ஏறும்போது ரிம்முக்கும் வேருக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டை விழும்.

பெட்ரோல் பங்க் காற்று சரிப்படாது. அந்த மீட்டர் காருக்கானது, இங்கே இரண்டு பி.எஸ்.ஐ வித்தியாசமே பெரிய வித்தியாசம். காற்றழுத்தம் அளக்கும் டிஜிட்டல் மீட்டர் ஒன்று கொண்டுவருகிறோம், எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்.

முள்? அந்தப் பக்கமெல்லாம் ஒரே முள்ளாச்சே.

ஐரோப்பியர்கள் யாரும் எழுதி வைக்காத பிரச்சினை இது. நமக்கு இதுதான் முதல் பிரச்சினை. இரண்டு வகை முள்.

ஒன்று நெருஞ்சி. அமெரிக்கப் பாலைவனப் பகுதிகளில் சைக்கிள்காரர்கள் சபிக்கும் அதே செடிதான், மஞ்சள் பூ உட்பட. காயை எந்தப் பக்கம் போட்டாலும் ஒரு முள் மேலே பார்த்துக்கொண்டு நிற்கும். முள் சின்னது, ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் ஓட்டையை அடைத்துவிடும். டயரில் குத்தியிருப்பதைப் பார்த்தால் பந்தயம் முடியும்வரை பிடுங்காதீர்கள், அதுவே தக்கையாக இருக்கட்டும்.

இன்னொன்று சீமைக் கருவேலம். அந்த முள் செருப்பையே துளைக்கும். டயரின் பக்கவாட்டில் ஏறினால் சீலன்ட்டும் கைவிரிக்கும். தோப்புக்குள் கருவேலம் இல்லை, வேலியோரம் இருக்கிறது. பாதையை வேலியிலிருந்து தள்ளித்தான் போட்டிருக்கிறோம். சனிக்கிழமை ஒருமுறை துடைப்பம் போட்டுப் பெருக்குவோம். நீங்கள் வேலிப் பக்கம் சைக்கிளைச் சாய்த்து வைக்காமல் இருந்தால் போதும்.

சீலன்ட் எப்போது ஊற்றியது என்று பாருங்கள். நம் வெயிலில் சீக்கிரமே காய்ந்து, டயருக்குள் ரப்பர்த் தோலாக ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் காதருகே பிடித்துக் குலுக்குங்கள். சளக் சளக் என்று சத்தம் வரவில்லையென்றால் புதிதாக ஊற்றுங்கள்.

மணலில் எப்படி ஓட்டுவது? எனக்கு முன் சக்கரம் புதைந்து புதைந்து நின்றுவிடுகிறது.

பெல்ஜியக் கடலோரத்தில் கோக்ஸைட என்ற ஊரின் மணல்மேடுகளில் 2012-ல் உலகப் போட்டியே நடந்தது. அந்த வீடியோக்களை முதலில் பாருங்கள். கால்களை விடுங்கள், கைகளைக் கவனியுங்கள். பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும்.

மணல் தொடங்குவதற்கு முன்னாலேயே வேகம் எடுத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு எடுக்க முடியாது. வழக்கத்தைவிட ஒரு கியர் கடினமாக வையுங்கள். லேசான கியரில் காலைச் சுற்றினால் பின்சக்கரம் குழி தோண்டும். இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, முன் சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைக் குறையுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பவே திருப்பாதீர்கள். சக்கரம் அதுவாகக் கொஞ்சம் ஆடும், ஆடட்டும். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைச் சாய்த்துத் திரும்ப வேண்டும். முன்னால் போனவர் போட்ட தடம் இருந்தால் அதற்குள்ளேயே போங்கள். தடத்தின் ஓரத்தில் சக்கரம் ஏறினால் கதை முடிந்தது.

வேகம் நடைவேகத்துக்கு இறங்கிவிட்டால் உடனே இறங்கி ஓடுங்கள். நிற்கிற வரைக்கும் மிதித்துவிட்டு இறங்குகிறவர் எப்போதும், பத்தடி முன்பே இறங்கி ஓடியவருக்குப் பின்னால்தான் இருப்பார். ஓடும்போது நீங்கள் மணலில் ஓடினாலும் சைக்கிளை ஓரத்துக் கெட்டித் தரையில் உருட்டுங்கள்.

தோப்புக்குள் இன்னொரு விஷயம்: சவுக்கு இலைச் சருகு. காய்ந்த சருகு மெத்தையாகக் கிடக்கும், நேராகப் போகும்போது சுகம், வளைவில் வழுக்கும். அடியில் வேர் இருப்பதும் தெரியாது. வளைவில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

ஓடிக்கொண்டே இறங்குவதும் ஏறுவதும் எனக்கு வரவே வராது போலிருக்கிறது. நின்று நிதானமாக இறங்கினால் என்ன?

ஒன்றும் தப்பில்லை, தகுதி நீக்கம் செய்ய மாட்டோம். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இதுதான். வீட்டுக்குப் பக்கத்துக் கிரவுண்டில் சாயங்காலம் அரை மணி நேரம் போதும்.

இறங்குவது எப்போதும் இடது பக்கம், செயின் வலது பக்கம் இருப்பதால். தடுப்புக்கு நான்கைந்து மீட்டர் முன்னால் வலது காலைப் பெடலிலிருந்து எடுத்து, சீட்டுக்கு மேலாகப் பின்னால் சுற்றி இடது பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது உங்கள் முழு எடையும் இடது பெடல்மேல், சைக்கிள் உருண்டுகொண்டே இருக்கிறது. வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து ஃபிரேமின் மேல் குழாயைப் பிடியுங்கள். கிளீட் போட்டிருந்தால் இடது குதிகாலை முன்கூட்டியே முறுக்கித் தளர்த்தி வைக்க வேண்டும். பலர் விழுவது இதைக் கடைசி நொடிக்குத் தள்ளிப் போடுவதால்தான். வலது கால் தரையைத் தொடும்போதே ஓட்டமாக இருக்க வேண்டும். நின்றுவிட்டு ஓட ஆரம்பிக்கக் கூடாது.

பாதைக்குக் குறுக்கே நிறுத்திய தடுப்புப் பலகை என்றால் மேல் குழாயைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தாண்டினால் போதும். படி, நீளமான மேடு என்றால் தோளில் போட வேண்டும். கீழ்க் குழாயைப் பிடித்துத் தூக்கி, மேல் குழாயை வலது தோளில் வைத்து, வலது கையை ஃபிரேமுக்கு அடியால் விட்டு ஹேண்டில்பாரின் இடது முனையைப் பிடியுங்கள். முன் சக்கரம் ஆடாது, இடது கை ஓட்டத்துக்கு வீசக் கிடைக்கும். மேல் குழாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் சுற்றிக்கொண்டால் மறுநாள் ஆபீஸ் பை மாட்டும்போது நன்றி சொல்வீர்கள்.

ஏறுவதுதான் எல்லோருக்கும் பயம், குறிப்பாக ஆண்களுக்கு. சீட்டின் மேல் நேராகக் குதித்து உட்காருவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஓடிக்கொண்டே இடது காலை ஊன்றி எழும்பி, வலது தொடையின் உள்பக்கத்தைச் சீட்டின்மேல் சறுக்கிக்கொண்டு போக வேண்டும். எழும்புகிற உயரம் மிகக் கொஞ்சம். முதலில் நடந்துகொண்டே செய்யுங்கள், அப்புறம் மெதுவாக ஓடிக்கொண்டு. குதிப்பதற்கு முன் குட்டி குட்டியாக ஒரு தப்படி வைக்கிற பழக்கம் எல்லோருக்கும் வரும், ஆரம்பத்திலேயே அதை விரட்டிவிடுங்கள்.

பலகையை சைக்கிளோடு தாண்டிக் குதிக்கலாமா?

முடிந்தால் குதியுங்கள். பெல்ஜியத்தின் ஸ்வென் நைஸ் சின்னச் சக்கர பிஎம்எக்ஸ் சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்தவர், பலகைகளைத் தாவியே தாண்டுவார். 2005-லும் 2013-லும் உலகப் பட்டம் வாங்கியவர். விதிப்படி பலகை 40 சென்டிமீட்டர் உயரம் வரை இருக்கலாம், இரண்டு பலகைக்கு நடுவே குறைந்தது 4 மீட்டர். முதலாவதைத் தாண்டிவிட்டு இரண்டாவதில் முட்டிக்கொள்வதுதான் வழக்கம். நாங்கள் வைப்பது 25 சென்டிமீட்டர், ஓரத்தில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும்.

கோவளம் கடற்கரையிலேயே வைக்கலாமே? பெல்ஜியத்தில் கடலோரத்திலேயே ஓட்டுகிறார்களே?

ஓட்டுகிறார்கள். 2021 உலகப் போட்டி ஆஸ்டெண்டில் நடந்தபோது பாதையின் ஒரு பகுதி கடற்கரை மணல்தான். நமக்கு இந்த மாதத்தில் சரிப்படாது. ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் நம் கடற்கரையில் முட்டையிட ஏறும் காலம். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு இருக்கும், பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாள். மேலிருந்து பார்த்தால் வெறும் மணல்தான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிரினம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988-லிருந்து இரவு இரவாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான குழிகளுக்கு மாற்றுகிறார்கள். அவர்கள் நடந்து காப்பாற்றுகிற மணலில் நாற்பது சைக்கிளை விடுவது நியாயம் இல்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், காப்புக்காடுகள் பற்றியும் கேட்டார்கள். அதே பதில்தான்.

திடீரென்று மழை பெய்தால்?

பிப்ரவரியில் வாய்ப்பு குறைவு. பெய்தால் சந்தோஷம்தான், மணல் கெட்டியாகும், ஓட்டுவதற்கு எளிது. தோப்பு மணல் பூமி, தண்ணீர் நிற்காது. இதுவே ஏரிப்பக்கத்துக் களிமண்ணாக இருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். நன்றாகத் தண்ணீர் நிற்கிற களிமண்ணைக்கூடச் சமாளிக்கலாம். அரைகுறையாகக் காய்ந்த களிமண் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்ற விடாது.

வெயிலும் புழுக்கமும்? இது குளிர்நாட்டு விளையாட்டாச்சே.

ஆமாம். யுசிஐ பந்தயத்தில் வழியில் தண்ணீர் கொடுக்கப் பொதுவாக அனுமதி இல்லை. வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால்தான் நடுவர்கள் தளர்த்துவார்கள். நமக்கு விடிகாலை ஐந்து மணிக்கே 20-க்கு மேல். ஆகவே சுற்றுக்குச் சுற்று தண்ணீர் உண்டு. பிட் பக்கத்தில் கோப்பையில் நீட்டுவோம், பாதி குடித்து மீதியைப் பின்கழுத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கோப்பையைத் தோப்புக்குள் வீசாதீர்கள். தோப்புக்காரர் வைத்த ஒரே நிபந்தனை அதுதான்.

தொடக்கம் காலை 6:40-க்கு. ஏழரைக்குள் பெரியவர்கள் பந்தயம் முடிந்துவிடும். எட்டு மணிக்கு மேல் அங்கே நிற்பதே தண்டனை. 40 நிமிடமும் இதயம் உச்சத்துக்குப் பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும், வியர்வை காயாது. தலை சுற்றினாலோ உடம்பு சில்லிட்டாலோ நின்றுவிடுங்கள். முதல் நாள் சாயங்காலமே மோர், இளநீர் என்று உள்ளே போகட்டும்.

காலையில் என்ன சாப்பிடலாம்?

ஐந்து மணிக்கு முன்னால் இரண்டு இட்லி, அல்லது ஒரு வாழைப்பழமும் காபியும். நெய் ஒழுகும் பொங்கல் வேண்டாம், மூன்றாவது சுற்றில் அது உங்களோடு பேசும். முடிந்த பிறகு பொங்கலும் வடையும் எத்தனை வேண்டுமானாலும்.

கடைசியாக வந்தால் அசிங்கமாக இருக்காதா?

யார் கடைசி என்பதே பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, அதுதான் இதன் அழகு. சின்னச் சுற்று என்பதால் முதல் ஆள் உங்களைத் தாண்டும்போது நீங்கள் இரண்டாவது இடத்துக்குப் போராடுவது போலத்தான் தெரியும். பெரிய போட்டிகளில், முதல் ஆளின் முதல் சுற்று நேரத்தில் 80 சதவீதம் அளவுக்குப் பின்தங்கிவிட்டால் வெளியே எடுத்துவிடுவார்கள். நாங்கள் யாரையும் எடுக்க மாட்டோம். முதல் ஆள் கோட்டைத் தாண்டியதும், எந்தச் சுற்றில் இருந்தாலும் அதை முடித்துவிட்டு எல்லோரும் நிறுத்திக்கொள்ளலாம். பின்னாலிருந்து "வலது", "இடது" என்று குரல் வந்தால் உங்கள் வழியிலேயே நேராகப் போங்கள், அவர் சுற்றிக்கொண்டு போவார். பதறி ஒதுங்குவதுதான் ஆபத்து.

பெண்களுக்குத் தனிப் பந்தயமா? என் மகளுக்குப் பதினொரு வயது, அவளைக் கூட்டிவரலாமா?

பெண்கள் 30 விநாடி கழித்துக் கிளம்புவார்கள், அதே பாதை, முடிவு தனி. குழந்தைகளுக்கு 7:30-க்குப் பலகை இல்லாத பாதி வழியில் பத்து நிமிடம். ஹெல்மெட் இல்லாமல் யாரையும் விடமாட்டோம், அப்பா அம்மா கூடவே ஓடலாம். கவனித்த வரையில் பிள்ளைகளுக்கு யாரும் இறங்கி ஏறச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அடிபடுமா?

சிராய்ப்பு உறுதி. வேகம் குறைவு, தரை மெத்து, அதனால் ரோட்டில் விழுவது போல் இருக்காது. பெடல் கெண்டைக்காலிலோ முன்காலிலோ அடிப்பதுதான் அதிகம். முழுவிரல் கையுறை போடுங்கள். மண்ணும் சாணியும் படுகிற இடம், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பத்து வருடம் ஆகியிருந்தால் இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். முதலுதவிப் பெட்டி இருக்கும், ஒரு காரும் தயாராக நிற்கும். தோப்பில் மூன்று நாய்கள் உண்டு. அவற்றுக்கு ஓடுகிற சைக்கிள் பிடிக்காது, பிஸ்கட் பிடிக்கும்.

பிட் என்று ஒன்று சொன்னீர்களே?

சைக்கிளையோ சக்கரத்தையோ மாற்றிக்கொள்ளும் இடம். வெளியில் மாற்றக் கூடாது, பழுதானால் பிட் வரை ஓட்டியோ தூக்கியோ வர வேண்டும். சேற்றுப் பந்தயத்தில் தொழில்முறைக்காரர்கள் அரைச் சுற்றுக்கு ஒரு தடவை சைக்கிள் மாற்றுவார்கள், கழற்றியதை உதவியாள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி வைப்பார். நம் பிட்டில் ஒரு தார்ப்பாயும் ஒரு பம்பும் இருக்கும்.

முந்தைய இரண்டு வாரம் எப்படிப் பயிற்சி செய்வது?

நீண்ட தூர ஓட்டத்தை நிறுத்துங்கள். வாரம் ஒரு நாள் மட்டும் கடுமையாக: 30 விநாடி முழுவேகம், 30 விநாடி ஓய்வு, பத்து தடவை, நடுவில் கொஞ்சம் இளைப்பாறி இன்னும் பத்து. இரண்டு நாள் கிரவுண்டில் இறங்கி ஏறும் பழக்கம். ஒரு நாள் நின்ற நிலையிலிருந்து கிளம்பிப் பழகுங்கள், ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். முதல் வளைவுக்குள் யார் முன்னால் நுழைகிறாரோ அவருக்குத் தோப்பின் குறுகலான பகுதி முழுக்க வழி இருக்கும், மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஓடிப் பழகியிருக்க மாட்டார்கள். திடீரென்று ஓடினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மொட்டைமாடிப் படியில் தினமும் கொஞ்சம் ஏறி இறங்குங்கள்.

முடிந்ததும் சைக்கிளை எங்கே கழுவுவது? எங்கள் ஃபிளாட்டில் வாட்ச்மேன் விடமாட்டார்.

வாட்ச்மேனிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள், பாதி வேலை முடிந்தது. காய்ந்த மணலைத் துணியால் தேய்க்காதீர்கள், பெயிண்ட் போய்விடும். முதலில் தண்ணீர் ஊற்றி மணல் தானாக இறங்க விடுங்கள். வாட்டர் வாஷ் கடைக்குக் கொண்டுபோனால் அந்தத் துப்பாக்கியைப் பெடல் அச்சுக்கும் சக்கர நடுவுக்கும் நேராகக் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். கிரீஸ் வெளியே, மணல் உள்ளே என்றாகிவிடும். ஈசிஆர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினாலும் கடைசி இரண்டு மக் மெட்ரோ வாட்டராக இருக்கட்டும். செயினைத் துடைத்து அன்றைக்கே எண்ணெய் போடுங்கள், திங்கட்கிழமைக்குத் தள்ளினால் துரு வந்து நிற்கும். டிஸ்க் பிரேக் பக்கம் ஸ்பிரே அடிக்காதீர்கள்.

டிவியில் பார்க்க நேரம்?

பெரிய பந்தயங்களில் ஆண்களுக்கான ஓட்டம் பெரும்பாலும் அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு, நமக்கு இரவு ஏழரை. பெண்களுடையது அதற்கு முன்னால், நம் சாயங்காலக் காபி முடிகிற நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிடத் தோதான விளையாட்டு கிடையாது.

இதற்கப்புறம் என்ன? மார்ச்சில் ஏதாவது உண்டா?

எதுவும் இல்லை. இரண்டு வாரம் சைக்கிளைத் தொடாதீர்கள். பரீட்சை நேரம், வீட்டில் எப்படியும் வேறு வேலை இருக்கும். அப்புறம் விடிகாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். கத்திரி முடிகிறவரை யாரும் கூட்டு ஓட்டம் ஏற்பாடு செய்யப் போவதில்லை.

நான் ஓட்டவில்லை, உதவிக்கு வரட்டுமா?

வாருங்கள். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கம்பு நட்டு டேப் கட்ட ஐந்து பேர் வேண்டும், ஞாயிறு எட்டு மணிக்கு அதையெல்லாம் பிடுங்க இன்னும் அதிகம் பேர் வேண்டும். சுத்தியல் இருந்தால் கொண்டுவாருங்கள். எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் கைப்பிடி ஆடுகிறது.